உள்ளே தங்கிவிடும் மூச்சு

பெரிய ஆஸ்பத்திரிகளில் நெஞ்சக நோய்ப் பிரிவின் வாசலில் போட்டிருக்கும் பெஞ்சைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். அங்கே காத்திருக்கும் பெரியவர்களில் பலர் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள். உடம்பு முன்பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டு கைகளும் தொடையில் ஊன்றியிருக்கும். தோள்கள் தூக்கி நிற்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துத் தசைகள் புடைத்து அடங்கும். மூக்கால் இழுத்த காற்றை உதட்டைக் குவித்து, மெதுவாக, நீளமாக ஊதி வெளியே விடுவார்கள். இப்படி உட்காரவும் இப்படி ஊதவும் அவர்களில் பெரும்பாலோருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒவ்வோர் உடம்பும் தானாகவே கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. அந்த வழியில் ஏன் நிம்மதி கிடைக்கிறது என்று புரிந்தால், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றும் சி.ஓ.பி.டி. என்றும் டாக்டர்கள் சீட்டில் எழுதுகிற இந்த நோயே பாதி புரிந்துவிடும்.

மூச்சுத்திணறல் என்றதும் காற்று உள்ளே போகவில்லை என்றுதான் நினைக்கிறோம். இந்த நோயில் நடப்பது நேரெதிர். உள்ளே போன காற்று வெளியே வருவதில்லை. பழைய காற்று இடத்தை அடைத்துக்கொள்வதால் புதுக்காற்றுக்கு இடமில்லாமல் போகிறது. உடல்நலத்தோடு இருப்பவர்கள் இதை உட்கார்ந்த இடத்திலேயே செய்து பார்க்கலாம். நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள். அதில் கால்வாசியை மட்டும் விட்டுவிட்டு மறுபடி இழுங்கள். மறுபடி கால்வாசி. முழுக்க விடாமல், மேலேயே நின்றபடி நாலைந்து மூச்சு எடுத்துப் பார்த்தால் நெஞ்சு கல்லாகிவிடும். இந்த நிலைமையோடு ஒருவர் குளிக்கிறார், சட்டை மாட்டுகிறார், மாடி ஏறுகிறார்.

இது எப்படி வருகிறது என்று பார்க்க, நுரையீரலின் அமைப்புக்குள் கொஞ்சம் போக வேண்டும். தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது. அந்த இரண்டும் மறுபடி இரண்டிரண்டாகப் பிரிகின்றன. இப்படி ஏறக்குறைய 23 முறை பிரிந்து பிரிந்து, கடைசியில் காற்று நுண்ணறைகளில் போய் முடிகிறது. ஒரு மனிதருக்குச் சராசரியாக 48 கோடி நுண்ணறைகள் இருப்பதாக எண்ணிக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றின் உட்புறத்தையெல்லாம் விரித்துப் பரப்பினால் 750 சதுர அடிக்கும் மேல் வரும். அவ்வளவும் விலா எலும்புகளுக்குள் அடங்கியிருக்கிறது.

மூச்சை இழுக்க உடம்பு உழைக்க வேண்டும். உதரவிதானம் கீழே இறங்க, விலா மேலே எழ, நெஞ்சுக்கூடு விரிந்து காற்று உள்ளே வருகிறது. சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்போது மூச்சை வெளியே விடுவதற்கோ உழைப்பே வேண்டாம். விரிந்த நுரையீரல் தானாகச் சுருங்கிக் காற்றைத் தள்ளிவிடும். அதற்கு ஒரு முக்கியக் காரணம் நுண்ணறைச் சுவர்களில் ஓடும் எலாஸ்டின் என்ற புரத இழை.

இந்த எலாஸ்டினைப் பற்றி 1991-இல் ஓர் ஆய்வு வந்தது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவைக் கூட்டிவிட்டன. அதற்குப் பிறகு நம் உடம்பில் புதிதாகக் கட்டப்பட்ட எந்தப் பொருளிலும் அந்த அடையாளம் இருக்கும். ஆய்வாளர்கள் இறந்தவர்களின் நுரையீரல் எலாஸ்டினில் அதைத் தேடினார்கள். சோதனைகளுக்கு முன்பே வளர்ந்து முடித்திருந்தவர்களிடம் அது ஏறக்குறைய இல்லை. கணக்குப் போட்டபோது எலாஸ்டினின் சராசரி ஆயுள் 74 ஆண்டுகள் என்று வந்தது. அதாவது, வளரும் வயதில் நெய்யப்பட்ட இழைதான் கடைசி மூச்சு வரைக்கும். தோல் உதிர்ந்து புதுத்தோல் வருகிறது, ரத்த அணுக்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நுரையீரலின் இந்த இழைக்கு மட்டும் மாற்று வருவதில்லை. இதைப் படித்தபின் புகையைப் பார்க்கும் என் பார்வையே வேறாகிவிட்டது.

அந்த இழைக்கு இன்னொரு வேலையும் உண்டு. நுரையீரலின் ஆழத்தில் இருக்கும் சிறு குழாய்களுக்குக் குருத்தெலும்பு கிடையாது. பந்தலை நாலா பக்கமும் கயிறுகள் இழுத்துப் பிடித்து நிறுத்துவது போல, சுற்றியுள்ள நுண்ணறைச் சுவர்கள்தான் அந்தக் குழாய்களை எல்லாத் திசையிலும் இழுத்துத் திறந்து வைத்திருக்கின்றன. சுவர்கள் அறுந்தால் குழாய் தொய்ந்துவிடும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் எப்படியோ திறந்துகொள்ளும். வெளியே விடும்போது அமுங்கி மூடிக்கொள்ளும். காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். அவசர அவசரமாக மூச்சு விட்டால் இன்னும் சீக்கிரம் மூடும். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதும்போது, வாயில் ஏற்படும் தடை குழாய்களுக்குள் அழுத்தத்தைக் கூட்டுகிறது. அந்த அழுத்தம் அவற்றை மூடவிடாமல் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் செய்வது இதைத்தான். கையைத் தொடையில் ஊன்றுவதற்கும் காரணம் உண்டு. கை அசையாமல் நின்றால், தோளையும் கையையும் அசைக்கும் நெஞ்சுத் தசைகள் விலாவைத் தூக்கும் வேலைக்கு வந்துவிடும். நுரையீரல் உப்பிப்போய் உதரவிதானத்தைத் தட்டையாக்கிவிட்டதால் இந்தத் துணை தேவைப்படுகிறது.

இழையை அறுப்பது எது? இதற்கான துப்பு ஸ்வீடனின் மால்மோ நகரிலிருந்து வந்தது. 1963-இல் கார்ல் பெர்டில் லாரெல், ஸ்டென் எரிக்சன் என்ற இருவர் நோயாளிகளின் ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் பட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுமார் 1,500 பட்டைகளில் ஐந்தில் மட்டும், வழக்கமாக இருக்க வேண்டிய ஒரு கோடு இல்லை. வேறொருவராக இருந்தால் இயந்திரக் கோளாறு என்று விட்டிருக்கலாம். அவர்கள் அந்த ஐந்து பேரையும் தேடிப் பார்த்தார்கள். மூன்று பேருக்கு நுண்ணறைகள் சிதைந்திருந்தன. காணாமல்போன அந்தப் புரதத்தின் பெயர் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். கிருமியை எதிர்க்க வரும் வெள்ளணுக்கள் எலாஸ்டினைக் கரைக்கும் நொதி ஒன்றைக் கொட்டுகின்றன. அந்த நொதி நம் சொந்த நுரையீரலையே தின்றுவிடாமல் தடுப்பதுதான் இந்தப் புரதத்தின் வேலை. பிறவியிலேயே இது குறைந்தவர்கள் நம் நாட்டில் மிக அரிது. ஆனால் புகை இரண்டு வேலையையும் சேர்த்தே செய்துவிடுகிறது. வெள்ளணுக்களை நுரையீரலுக்குள் குவிக்கிறது. காவலுக்கு இருக்கும் புரதத்தையும் செயலிழக்கச் செய்கிறது. கூடவே குழாய்களின் உட்சுவர் வீங்கித் தடிக்கிறது, சளி கூடுகிறது.

இவ்வளவு நடக்கிறதே, ஆளுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். பல வருடங்களுக்குத் தெரியாது. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு குழாய்கள் ஒவ்வொன்றும் குறுகியவை என்றாலும் எண்ணிக்கையில் ஏராளம். அதனால் நல்ல நுரையீரலில் காற்றுக்கு ஏற்படும் மொத்தத் தடையில் அவற்றின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. அங்கே பெரும்பகுதி அடைத்துப்போனாலும் மொத்தக் கணக்கில் அது அதிகம் தெரிவதில்லை. 1968-இல் ஜேம்ஸ் ஹாக்கும் அவருடைய சகாக்களும் இந்த நோயில் அடைப்பு முக்கியமாக இந்தக் குழாய்களில்தான் என்று அளந்து காட்டினார்கள். 2011-இல் நுண் சி.டி. ஸ்கேன் வைத்துப் பார்த்தபோது, நுண்ணறைகள் சிதைவதற்கு முன்பே கடைசிக் குழாய்கள் மறைந்துவிடுவது தெரிந்தது. மிகக் கடுமையான நோய் உள்ள சிலரிடம் அவற்றில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே மிஞ்சியிருந்தது. ஆக, மூச்சு வாங்குகிறதே என்று ஒருவர் முதன்முதலில் உணரும்போது நோய்க்குப் பல வருட வயதாகியிருக்கும்.

வயது என்பதும் இதில் கலந்துகொள்கிறது. இருபது, இருபத்தைந்து வயதில் நுரையீரல் உச்சத்தில் இருக்கும். அதன் பிறகு ஒரே நொடியில் ஊதித் தள்ளக்கூடிய காற்றின் அளவு, நோயே இல்லாதவர்களுக்கும் ஆண்டுக்கு ஏறக்குறைய 25, 30 மில்லிலிட்டர் குறைந்துகொண்டே வரும். லண்டனில் சார்லஸ் ஃப்ளெட்சர் என்ற டாக்டர் 792 ஆண் தொழிலாளர்களை எட்டு ஆண்டுகள் விடாமல் ஊத வைத்து அளந்தார். 1941-இல் நோயாளிக்குப் பெனிசிலின் ஊசி போட்டுப் பார்த்த முதல் சிலரில் ஒருவரும் இதே ஃப்ளெட்சர்தான். அவரும் ரிச்சர்ட் பீட்டோவும் 1977-இல் வெளியிட்ட வரைபடத்தை இன்றும் மருத்துவ மாணவர்கள் வரைகிறார்கள். புகை பாதிக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கு அந்தச் சரிவு பல மடங்கு செங்குத்தாக இறங்குகிறது. புகைப்பதை நிறுத்தினால் போனது திரும்பி வராது. ஆனால் சரிவு ஏறக்குறைய மற்றவர்களுடைய வேகத்துக்கு வந்துவிடுகிறது. 65 வயதில் நிறுத்தினாலும் அதற்கு மேல் போகவிருந்தது மிஞ்சும். “இனிமே விட்டு என்னத்தப் பண்ண?” என்று கேட்கும் தாத்தாவுக்கு இந்த வரைபடத்தைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. பீடிதானே, சின்னதுதானே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இலையில் சுற்றிய பீடி அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டும். அதில் நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல.

எல்லோரும் ஃப்ளெட்சர் வரைந்த பாதையில்தான் வருகிறார்கள் என்றும் இல்லை. 2015-இல் வந்த ஓர் ஆய்வு, நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சரிவு சாதாரண வேகத்தில்தான் இருந்தது என்று காட்டியது. அவர்கள் தொடங்கிய உச்சியே தாழ்ந்திருந்தது. எடை குறைவாகப் பிறந்தது, சிறு வயதில் அடிக்கடி வந்த நெஞ்சுச் சளி, வீட்டுக்குள் இருந்த புகை என இளமையில் நுரையீரல் முழுசாக வளர விடாத எதுவும் எழுபது வயதில் வந்து கணக்குக் கேட்கிறது. காசநோய் வந்து முழுசாகக் குணமானவர்களுக்கும் பின்னாளில் இந்த அடைப்பு வருவதுண்டு.

இங்கேதான் நம் சமையலறைக்கு வர வேண்டியிருக்கிறது. புகைப் பழக்கமே இல்லாத பாட்டிக்கு இந்த நோய் எப்படி வரும் என்று பல வீடுகளில் திகைத்துப்போகிறார்கள். ஊதாங்குழலை நினைத்துப் பாருங்கள். மழைக்காலம், ஈர விறகு, அடுப்பு பிடிக்கவில்லை. அவர் குனிகிறார். குழலை வாயில் வைப்பதற்கு முன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாக வேண்டும். அப்போது அவர் முகம் அடுப்பிலிருந்து ஒன்றிரண்டு அடி தூரத்தில் இருக்கிறது. இழுக்கிற காற்று அந்தப் புகைக் காற்றுதான். தீ பற்றும்வரை மறுபடி மறுபடி இழுத்து இழுத்து ஊதுகிறார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு. நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். விறகடுப்பு எரியும் அடைத்த சமையலறையில் சமைக்கும் நேரத்தில் அது பல நூறைத் தொடும்.

இன்றைக்கு எழுபது வயதாகும் ஒரு கிராமத்துப் பெண் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அடுப்படிக்குப் போயிருப்பார். தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது 2007-இல். மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது 2016-இல். கேஸ் வீட்டுக்கு வருவதற்குள் அவருக்கு நாற்பது ஆண்டுப் புகை உள்ளே போயாகிவிட்டது. கேஸ் வந்த பிறகும் வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் கொல்லைப்புறத்தில் விறகு எரிகிறது. இந்தப் பெண்களின் நோயை உலகம் தாமதமாகத்தான் கவனித்தது. பணக்கார நாடுகளில் நோயாளிகளில் பத்தில் ஏழு பேருக்கு மேல் புகையிலைதான் காரணம். நம்மைப் போன்ற நாடுகளில் புகையிலையின் பங்கு 30, 40 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு அடுப்பும் தூசியும் ஊர்க்காற்றும். 2021-இல் மட்டும் உலகம் முழுவதும் 35 லட்சம் பேர் இந்த நோயால் இறந்தார்கள். உயிர்பறிக்கும் காரணங்களில் அதற்கு நான்காவது இடம்.

இவ்வளவு பெரிய நோய் வீட்டுக்குள்ளேயே இருந்தும் தெரியாமல் போவதற்கு நாம் சொல்லும் ஒரு வாக்கியம் காரணம். “வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் வாங்கும்.” வயதானால் உச்ச வேகம் குறையும், உண்மைதான். சமதரையில் தன் வயதுக்காரர்களோடு நடக்க முடியாமல் பின்தங்கி நிற்பது வயது அல்ல. ஆனால் பெரியவர்கள் சொல்வதில்லை. தங்கள் நாளைச் சத்தமில்லாமல் சுருக்கிக்கொள்கிறார்கள். முதலில் மலைக்கோயில் போகிறது. பிறகு மொட்டை மாடியில் துணி காயப் போடுவது மருமகள் கைக்குப் போகிறது. கடைத்தெருவுக்கு ஆட்டோ. கடைசியில் குளியலறைக்குப் போய்வந்தாலே கட்டிலில் உட்கார்ந்து இளைப்பாற வேண்டியிருக்கிறது. “மூச்சு வாங்குதா பாட்டி?” என்று டாக்டர் கேட்டால், “இல்லியேப்பா” என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. மூச்சு வாங்கும் வேலைகளை எல்லாம் அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். “போன வருஷம் செஞ்சுகிட்டிருந்து இப்ப எதையெல்லாம் விட்டுட்டீங்க?” என்று கேட்டால்தான் கதை வெளியே வரும். நடை குறையக் குறையத் தொடைத் தசை கரைகிறது. தசை கரைந்தால் அதே வேலைக்கு இன்னும் அதிக மூச்சு தேவைப்படுகிறது. குளிர்காலத்தில் ஒரு சளிக்காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விடுகிறது. அப்படி ஒவ்வொரு முறை படுத்து எழும்போதும் பழைய நிலைக்குக் கொஞ்சம் கீழேயே நிற்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ரத்தம் எடுக்க வேண்டாம், ஊசி வேண்டாம். ஊதினால் போதும். லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் 1846-இலேயே தண்ணீரில் மிதக்கும் மணி வடிவக் கலத்தை வைத்து மூச்சை அளந்துவிட்டார். மாலுமிகள், போலீஸ்காரர்கள், மல்யுத்த வீரர்கள், ஏழைகள் என்று 2,000 பேருக்கு மேல் ஊத வைத்தார். அவர் அளந்தது மொத்த அளவை. அதோடு நேரத்தையும் சேர்த்து, முதல் நொடியில் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்க்கச் சொன்னவர் 1947-இல் பிரான்சின் ராபர்ட் டிஃப்னோ. அந்த முதல் நொடியில்தான் நோய் பிடிபடுகிறது. நல்ல நுரையீரல் தன் காற்றில் முக்கால்வாசியை முதல் நொடியிலேயே தள்ளிவிடும். குழாயைத் திறக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு நிலையாக இருக்கிறது என்று பொருள். மூக்கைக் கிளிப்பால் அடைத்து, குழாயை வாயில் கவ்வச் சொல்லி, “ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க” என்று டெக்னீஷியன் சத்தம் போடுவார். ஆறு நொடி தாண்டியும் மெல்லிசாகக் காற்று வந்துகொண்டே இருப்பவர்களுக்கு, அதுவரை கண்ணுக்குத் தெரியாத அடைப்பு திரையில் கோடாக வளைந்து நிற்கும். எக்ஸ்ரே மட்டும் எடுத்தால் ஆரம்பநிலை பெரும்பாலும் தெரியாது.

சிகிச்சையில் நம் ஊரில் பெரிய தடை, இன்ஹேலர் எனப்படும் பம்ப் பற்றிய பயம். “பம்ப் வச்சா பழகிப்போயிரும், மாத்திரை குடுங்க” என்று கேட்பவர்கள் அதிகம். கணக்கைப் பாருங்கள். சால்புட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். அதே மருந்து பம்பில் ஒரு தடவை அழுத்தினால் 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கையை நடுங்க வைத்து, நெஞ்சைப் படபடக்க வைத்துவிட்டு மிச்சம் நுரையீரலுக்கு வருகிறது. பம்ப் நேரே போகிறது. நாள் முழுக்கக் குழாயைத் திறந்து வைக்கும் பம்ப் மருந்துகளும் இருக்கின்றன. போதைப் பழக்கம் போன்ற அடிமைத்தனம் இதில் இல்லை. நோய் நாள்பட்டது, அதனால் மருந்தும் நாள்பட்டது. ஆனால் முறையாக எடுக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டுவிட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, இழுத்து முடித்துப் பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். கை நடுங்கும் பெரியவர்களுக்கு இது வராது. ஸ்பேசர் குடுவையைப் பொருத்திவிட்டால் வந்துவிடும். தூள் மருந்துக் கேப்சூலைக் கருவியில் போடாமல் விழுங்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், அவர் எப்படி எடுக்கிறார் என்று ஒருமுறை நேரில் பாருங்கள்.

மருந்துக்கு அடுத்தபடியாக, என்னைக் கேட்டால் மருந்துக்குச் சமமாக, நடை. மூச்சு வாங்கும் ஆளை நடக்கச் சொல்வதா என்று வீட்டில் பதறுவார்கள். டாக்டர், பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்யும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பற்றிய 65 ஆய்வுகளைக் காக்ரேன் குழு 2015-இல் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி மூச்சுத்திணறலைக் குறைக்கிறது, நடக்கும் தூரத்தைக் கூட்டுகிறது என்பது அதில் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. சிதைந்த நுரையீரல் அப்படியேதான் இருக்கிறது. தொடைத் தசை தேறிவிடுவதால் அது கேட்கும் மூச்சு குறைகிறது. ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்வது ஆஸ்பத்திரிப் படுக்கையைத் தவிர்க்க உதவும்.

ஆக்சிஜன் பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் கருவி பல வீடுகளில் இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் நிரந்தரமாகவே மிகக் குறைந்துபோனவர்களுக்கு, அதாவது ஓய்வாக இருக்கும்போதே 88 அல்லது அதற்குக் கீழே காட்டுபவர்களுக்கு, ஒரு நாளில் 15 மணி நேரத்துக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் நீள்கிறது. 1980-இல் வட அமெரிக்காவிலும் 1981-இல் பிரிட்டனிலும் வந்த ஆய்வுகள் இதை நிறுவின. ஆனால் 91 காட்டுகிறதே என்று பயந்து, நாமாகவே திருகிக் கூட்டக் கூடாது. இவர்களில் பலருக்கு 88-க்கும் 92-க்கும் இடையே இருந்தாலே போதும். அளவுக்கு மிஞ்சினால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி, அரை மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவார்கள். மூச்சுத்திணறலுக்கும் இந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பும் இல்லை. 95 இருந்தும் மூச்சு முட்டுபவர்கள் உண்டு.

பிரஷர் பார்க்காத, சுகர் பார்க்காத பெரியவர் இன்று குறைவு. தன் மூச்சை ஒருமுறையாவது ஊதி அளந்தவர் அதைவிடக் குறைவு. உங்கள் வீட்டில் நாற்பது வயது தாண்டிய ஒருவருக்கு மாதக்கணக்கில் இருமலும் சளியும் இருந்தால், நடந்தால் மூச்சு வாங்கினால், அவர் பீடி சிகரெட் பிடித்தவராகவோ விறகடுப்பில் சமைத்தவராகவோ ஒரு காலத்தில் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவராகவோ இருந்தால், வயது என்று விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போய், ஸ்பைரோமெட்ரி என்ற அந்த ஊதும் சோதனையைச் செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது அவர் இப்போது எடுக்கும் மாத்திரைகளையும் பம்பையும் மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.